நடுக் குவியல்

அந்தத் தெருவில் பேட்டரியக்கா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டின் முன்னறைதான் அவள் பட்டறை. ஜன்னலை ஒட்டி நீளமாக ஒரு மேசை, அதன்மேல் செல்களைப் பற்றவைக்கிற வெல்டிங் மெஷின், மீட்டர், நிக்கல் பட்டைச் சுருள், பழைய பல் பிரஷ்கள் நிறைந்த ஒரு டம்ளர். ஸ்கூட்டர் பேட்டரி, துளை போடும் மெஷினின் பேட்டரி, மருந்தடிக்கும் பம்பின் பேட்டரி, எது செத்து வந்தாலும் பெட்டியைப் பிரித்து, உள்ளே கட்டைவிரல் தடிமனில் வரிசையாக நிற்கும் செல்களில் கெட்டதைப் பிடுங்கிவிட்டு நல்லதை வைத்துத் தைத்துக் கொடுப்பாள். தையல் என்றுதான் அவளே சொல்வாள். மாடியில் குடியிருந்த டெய்லர் பெண், "நான் துணி தைக்கிறேன், நீங்க நெருப்பைத் தைக்கிறீங்க" என்பாள்.

முன்னறைக்கும் நடுவறைக்கும் இடையிலிருந்த கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். அதற்குப் பின்னால் அவள் புருஷன் கட்டிலில் கிடந்தான். கல் அறுக்கும் பட்டறையில் காலத்தையெல்லாம் கழித்தவன். இரண்டு ஆள் தூக்கும் பலகைக் கல்லை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிப் போவான் என்பதால் அவனுக்குக் கிரேன் என்று பேர். கல் அறுபடும்போது பறக்கிற தூசி மாவைவிட நைசாக இருக்கும். அதைத்தான் அத்தனை வருஷமும் மூச்சாக இழுத்திருக்கிறான். இப்போது ஒரு ஆக்சிஜன் மெஷின் அவனுக்காக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய், கட்டிலடியில் முக்காலி உயரத்துக்கு அந்த மெஷின், இரவும் பகலும் ஓயாத உறுமல். கழிப்பறைக்குப் போகக் குழாயைக் கழற்றினால் திரும்பி வருவதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும்.

இது தெருவுக்குத் தெரியக்கூடாது என்பது அவன் போட்ட உத்தரவு. என்ன சத்தம் என்று யாராவது கேட்டால் மீன் தொட்டி மோட்டார் என்று சொல்லச் சொல்லியிருந்தான். டெய்லர் ஒருமுறை கேட்டாள். பேட்டரியக்காவும் அப்படியே சொன்னாள். "இந்தச் சத்தத்துக்குத் திமிங்கலமாக்கா வளக்கறீங்க?" என்று டெய்லர் சிரித்துவிட்டு, அதற்குமேல் தோண்டாமல் மாடியேறிப் போய்விட்டாள். தெருக்காரர்களுக்குக் கிரேனுக்கு நெஞ்சில் சளி, வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

அப்படியிருந்தபோதுதான் புயல் வந்தது. காற்று ஒரு பகலும் இரவும் அடித்துத் தெருமுனை டிரான்ஸ்பார்மரைக் கம்பத்தோடு சாய்த்துப் போட்டது. ஆறு பாலத்துக்கு மேல் ஓடியது. பெரிய ஆஸ்பத்திரி அந்தக் கரையில். இந்தக் கரையில் இருந்த சின்ன கிளினிக்குக்கு அவள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கேட்டாள். வராந்தாவிலேயே இரண்டு பிரசவம் நடந்துகொண்டிருந்தது. இருக்கிற ஜெனரேட்டர் அதற்கே போதவில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தவர்களை வீட்டில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள். லைன்மேன்களைக் கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். எதைப் பார்க்கலாம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டர் பேட்டரி முதல் நாளே கையை விரித்துவிட்டது. அவசரத்துக்கென்று வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விட்டிருந்தாள். அதன் முள்ளைப் பார்ப்பதும், முன்னறைக்கு வருவதும், எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பதும், திரும்பப் போய் முள்ளைப் பார்ப்பதுமாக அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. காற்றின் அளவைக் குறைத்து வைத்தால் நாளை மதியம்வரை இழுக்கலாம். அதற்குமேல் சிலிண்டர்காரன் வரப் பாதை இல்லை.

தெருக்கோடி பேக்கரியில் மட்டும் ஜெனரேட்டர் இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் பேக்கரிக்காரர் அதைக் காலையில் ரொட்டி வெந்து இறங்கும்வரை மட்டும் ஓட்டினார். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் போன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆக்சிஜன் மெஷின் அங்கே கொண்டுபோய் ஓட்டக்கூடியதல்ல. மாவும் புகையுமாக இருக்கும் இடம், அதுவும் காலையில் மட்டும். ஆனால் அந்தக் காலை நேரத்தில் ஒரு நல்ல பேட்டரியை நிரப்பிக்கொண்டால் மிச்ச நேரத்துக்கு அது மெஷினை ஓட்டும். பேட்டரிக்காரி வீட்டில் பேட்டரி இல்லை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். உண்மையில் இல்லை. வேலை முடிந்ததையெல்லாம் புயலுக்கு முன்பே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்புறத் தகரக் கொட்டகையில் ஒரு சாக்கு இருந்தது. அவ்வளவுதான்.

சாக்கு சின்னவன் கொண்டுவந்தது. சின்னவன் கிரேனுக்குத் தம்பி. மிதிவண்டியைக் கோத்த தள்ளுவண்டியில் பழைய இரும்பு எடுப்பவன். போன மழையில் ஒரு ஸ்கூட்டர் கடைக்குள் வெள்ளம் புகுந்து வண்டியெல்லாம் முங்கிப்போனது. அவற்றின் பேட்டரிகளை அவன்தான் அள்ளி வந்தான். அண்ணியிடம் கொடுத்தால் தேறும் என்று நம்பி வந்தவனிடம், பார்க்கலாம் வை என்று சொல்லிவிட்டுப் பார்க்காமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்த செல் என்றால் அவள் தொடவே தயங்குவாள்.

இப்போது சின்னவன் நனைந்த சட்டையோடு வந்து நின்றான். அண்ணன் முகத்தைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கிவந்து மேசையில் வைத்தான். அவள் திருப்புளியை எடுத்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும் என்று இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். பெட்டிகளுக்குள் சேறு காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. பட்டைகளை வெட்டி, ஒவ்வொரு செல்லாகப் பிடுங்கி, பிரஷால் தேய்த்து, மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. டெய்லர் மாடியிலிருந்து அவித்த உருளைக்கிழங்கும் கருப்பு டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். டீ ஆறிப்போகும்வரை யாரும் தொடவில்லை.

மூன்று குவியல் சேர்ந்தது. ஒன்று, அடிப்பக்கம் லேசாகக் கறை பட்டவை. துணியால் துடைத்தால் உள்ளே பளபளவென்று உலோகம் தெரியும். வெளித் தண்ணீர் செய்த வேலை, உள்ளே போகவில்லை. இன்னொன்று, பிளஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, மூக்கில் வைத்தால் நகச்சாயம் மாதிரித் தித்திப்பாக ஒரு வாடை அடிப்பவை. கூட்டுக்குள் இருப்பது கசிகிறது என்று அர்த்தம். அவற்றை அப்போதே மணல் வாளியில் போட்டு வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னாள்.

மூன்றாவதுதான் பெரிய குவியல். அது நடுவில் கிடந்தது. வாடை இல்லை. மீட்டரில் வோல்ட் கணக்காகக் காட்டியது. ஆனால் பிளஸ் முனையைச் சுற்றி, கூடு மடிந்து மூடியைக் கவ்விப் பிடிக்கிற அந்த விளிம்பில், துரு. தேய்த்தால் போவதுபோலப் போனது. போன இடத்தில் ஊசி முனையளவு குழிகள். அது வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கவும் கூடும், போகாமலும் இருக்கலாம்.

முதல் குவியலை மட்டும் வைத்து ஒரு பேட்டரி கட்டினால் மெஷின் ஒரு மணி நேரம், கூடிப்போனால் இன்னும் கொஞ்சம் ஓடும். நடுக் குவியலையும் சேர்த்தால் அடுத்த நாள் ஜெனரேட்டர் ஓடும்வரை சமாளித்துவிடலாம். அதைச் சின்னவனும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டான்.

"மீட்டர் நல்லாத்தானே அண்ணி காட்டுது."

"இன்னிக்குக் காட்டுது."

"இத்தனை நாளா கொட்டகையில கெடந்துச்சு. வோல்ட் இறங்கறதா இருந்தா இதுக்குள்ள இறங்கியிருக்காதா?"

"எவ்வளவுலேர்ந்து இறங்குச்சுன்னு தெரிஞ்சாத்தானே சொல்லலாம். வந்த அன்னிக்கே நான் பாத்து வச்சிருக்கணும். பாக்கல."

வழக்கமாக இப்படிச் சந்தேகப்பட்டதை எல்லாம் சார்ஜ் ஏற்றி, தனித்தனியாக அட்டையில் செருகி, வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பாள். உள்ளே கெட்டது தானாகச் சோர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அதற்கு நேரமில்லை. நேரம் இல்லை என்பதுதான் முழுச் சிக்கலும்.

சின்னவன் எட்டிப் பார்த்த நடுவறைக் கதவு பாதி திறந்தே கிடந்ததால் கிரேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பேச்சு நாலு சொல்லுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கும்.

"போட்டுக் கட்டு" என்றான். "யோசிக்காதே."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவனைச் சுற்றியிருந்த தலையணை, மெத்தை, போர்வை எல்லாவற்றையும் பார்த்தாள். மெஷினைக் கொண்டுவந்து வைத்தவன் முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தான்: இந்த அறையில் தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது, ஆக்சிஜன் துணியில் ஊறியிருக்கும், பொறி பட்டால் பஞ்சு வெடிமருந்து மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அவள் வேலை கற்ற கடையில் ஒருமுறை ஒரு பேட்டரி தீப்பிடித்ததைப் பார்த்திருக்கிறாள். சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் பிடித்தது. ஒரு செல் சீறியது, அதன் சூட்டில் பக்கத்துச் செல், அதன் சூட்டில் அடுத்தது. தண்ணீரை ஊற்ற ஊற்ற எரிந்தது. பேட்டரியை வெளியே வைத்து வயரை மட்டும் உள்ளே இழுத்தால் என்ன என்று யோசித்தாள். வெளியே என்றால் மாடிப்படியின் அடிதான், மற்ற இடமெல்லாம் தண்ணீர். மரப்படி. டெய்லருக்கும் அவள் கைக்குழந்தைக்கும் இறங்க அது ஒன்றுதான் வழி.

மாடியேறிப் போய் டெய்லரிடம் சொன்னாள். மீன் தொட்டி இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். டெய்லர் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். எப்போதோ தெரியும் என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். படியடியில் இன்ன மாதிரி ஒன்றை வைக்கலாமா என்று யோசிப்பதாகவும், அதில் இன்ன ஆபத்து உண்டு என்றும் பேட்டரியக்கா விளக்கினாள். டெய்லர் சண்டை போடுவாள், அல்லது அழுவாள், ஏதாவது ஒன்று செய்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது.

"நீங்க பாத்து செய்வீங்கக்கா" என்றாள் டெய்லர். "உங்களுக்குத் தெரியாததா."

அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம். படியிறங்கும்போது ஒவ்வொரு மரப்பலகையும் அவள் காலடியில் முனகியது.

விடிந்ததும் வெல்டிங் மெஷினைச் சின்னவனின் வண்டியில் ஏற்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனார்கள். பின்புற முற்றத்தில், அடுப்புச் சூடு சுவரைத் தாண்டி வருகிற இடத்தில் ஒரு பலகை போட்டுக்கொடுத்தார் பேக்கரிக்காரர். ஜெனரேட்டர் தடதடத்தது. ரொட்டி மணம் முற்றமெங்கும் பரவியிருந்தது. முதல் குவியலை அவள் வேகமாகத் தைத்தாள். பட்டையை வைத்து, முனையை அழுத்தி, காலால் மிதித்தால் டக்கென்று ஒரு பொட்டு. டக், டக், டக். கைக்குப் பழகிய வேலை, கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வாள்.

முதல் குவியல் தீர்ந்தது. கை தானாக நடுக் குவியலுக்குப் போனது.

அதை அவள் தடுக்கவில்லை. இருப்பதிலேயே துரு குறைந்ததாகப் பொறுக்கி ஒரு வரிசை தைத்தாள். பிறகு இன்னொரு வரிசை. பிறகு பொறுக்குவதையும் நிறுத்திவிட்டாள். சின்னவன் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட நீட்ட வாங்கித் தைத்தாள். அவன் முகத்தில் தெம்பு வந்திருந்தது. தன்னுடைய சாக்குதான் அண்ணனைக் காப்பாற்றப்போகிறது என்கிற தெம்பு.

சார்ஜரில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தாள். புறங்கையால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பேக்கரிக்காரர் கொடுத்த ரொட்டித்துண்டு மடியில் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வரிசையில் கை நின்றது. திரும்ப முதலிலிருந்து தொட்டுக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் திரும்ப நின்றது.

"இதைத் தொட்டுப் பாரு."

சின்னவன் தொட்டான். "ஒண்ணும் தெரியலையே."

"பக்கத்துல தொட்டுட்டு இதைத் தொடு."

"அடுப்புச் சுவத்துக்கிட்ட வச்சா ஐஸ் மாதிரியா அண்ணி இருக்கும்? அந்தப் பக்கம் சுவத்தைப் பாத்து இருக்கு, அதான்."

அவள் பேட்டரியைத் திருப்பி வைத்தாள். சுவர்ப்பக்கம் இருந்தது இப்போது வெளிப்பக்கம். காத்திருந்தாள். எழுந்து முற்றத்தைச் சுற்றி வந்தாள். ஜெனரேட்டரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், திரும்பி வந்து தொட்டாள். வெதுவெதுப்பு அதே வரிசையில்தான் இருந்ததா, இல்லை கையே சூடாகிவிட்டதா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருக்க மாட்டாள்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வெட்டும் குறடை எடுத்தாள்.

சின்னவன் அவள் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கப்போன மாதிரி கை நீண்டது. நடுக் குவியலிலிருந்து வந்த வரிசைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "சேத்துல எறங்கி அள்ளிட்டு வந்தேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

மிஞ்சிய சின்ன பேட்டரியை நிரப்பி, வெல்டிங் மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. ஆக்சிஜன் மெஷினைச் சின்ன பேட்டரியில் ஓட்டினாள். உறுமல் கேட்டதும் கிரேனின் நெற்றி கொஞ்சம் தளர்ந்தது. சிலிண்டரை மூடி, மிச்சத்தைப் பத்திரப்படுத்தினாள். இது எவ்வளவு நேரத்துக்கு என்று அவன் கேட்டான். சொன்னாள். மிச்ச செல் எங்கே என்று கேட்டான். வெட்டி எடுத்துவிட்டதைச் சொன்னாள்.

அவன் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை.

"என் உயிர்தானே" என்றான். "நானே சொல்றேன். போடுன்னு."

"உங்க உயிர் மட்டும்னா பரவாயில்ல. மாடியில ஒரு குழந்தை இருக்கு."

சொன்னபிறகு அவளுக்கே அது சரியாக இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இல்ல, பொய் சொல்றேன். உங்க உயிர் மட்டும்னாலும் போட மாட்டேன். என் கையால தைச்சு உங்க பக்கத்துல வச்சுட்டு நான் எப்படிக் கண்ணை மூடறது?"

"மூச்சு நின்னா மட்டும்... மூடிடுவியா."

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உறுமலும் சின்ன பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள்.

"இந்தத் தெருவுல ஸ்கூட்டர் வச்சிருக்கறவங்கள்ல பாதிப் பேர் பேட்டரி நான் பிரிச்சுக் கட்டினதுதான்" என்றாள். "எல்லாம் இந்த இன்வெர்ட்டருக்குப் பொருந்தும். தண்ணியில எவனும் வண்டி எடுக்கல. கேட்டா ஆளுக்கு ஒரு வேளை குடுப்பாங்க."

"கேக்காதே."

சட்டென்று வந்தது பதில். அவனுக்கு அத்தனை வேகமாகப் பேச வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஏன்?"

அவன் சுவரைப் பார்த்தான்.

நேற்றிலிருந்து தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தோன்றியிருந்தது. தோன்றிய நிமிஷமே, கூடாது என்று உள்ளே ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் அவளும்தான் இருந்திருக்கிறாள். யாராவது வாசலில் கூப்பிட்டால் முன்னறைக்கு ஓடிவந்து, சிரித்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று பேசி அனுப்பி, அதுவே பழக்கமாகிவிட்டது.

"கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. வந்தா பாப்பாங்க. அதானே?" என்றாள் மெதுவாக. "நீங்க அந்தச் செல்லுக்குப் பயப்படல. நெருப்புக்கும் பயப்படல. ஆளுங்களுக்குத்தான் பயப்படறீங்க."

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். மூச்சைச் சேர்த்துக்கொள்கிறானா, சொல்லைச் சேர்த்துக்கொள்கிறானா தெரியவில்லை.

"இந்தத் தெருவுல நான்... எப்படி நடந்தவன்னு... உனக்குத் தெரியாதா?"

தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அவன் தெருவில் நடந்து வருவதை ஜன்னலில் நின்று பார்ப்பாள். தோளில் கல் இல்லாதபோதும் கல் இருக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் ஆள் ஒதுங்க, நிதானமாக வருவான். பிள்ளைகள் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டும்.

அவன் முழங்காலில் கை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் நடுவறைக் கதவை முழுசாகத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி வெல்டிங் மெஷினை நகர்த்தி முட்டுக் கொடுத்தாள். தெருக்கதவையும் திறந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தை மட்டும் சுவரோடு திருப்பிக்கொண்டான்.

சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்து நனைந்த பீடியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் வருகிறாய் என்றும் கேட்கவில்லை.

முதல் வீட்டில் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் பையன்கள் இருவர் தங்கியிருந்த அறை அது. என் வீட்டுக்காரருக்கு மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். மிச்சத்தைச் சின்னவன் சொன்னான். மூத்த பையன் முழுசாகக் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பேட்டரியின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது வீட்டில் டீச்சரம்மா, பாதிதான் சார்ஜ் இருக்கிறது என்று ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி வருத்தப்பட்டுக் கொடுத்தார். ஒரு வீட்டில் இல்லையென்று சொன்னார்கள், ஜன்னல் வழியாகவே. அதையும் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பேக்கரிக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, நாளைக் காலையில் முதல் பிளக் உங்களுக்கு, போன்காரர்கள் வரிசையில் நிற்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

சின்ன பேட்டரி ஓய்ந்த நேரத்தில் பார்சல் பையனின் பேட்டரி இன்வெர்ட்டரில் ஏறியது. அவள் வயரை மாற்றிய அந்தச் சில நொடிகள் மெஷின் நின்று, வீட்டுக்கே மூச்சு நின்ற மாதிரி ஆகி, பிறகு உறுமல் மறுபடி எழுந்தது. டெய்லர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்று பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அவள் நடுக் குவியலை மொத்தமாக உப்புத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் கொட்டினாள். செல் அதில் கிடந்து செத்துப்போகும், இன்னொருவர் கையில் கிடைத்துவிடக் கூடாது. சின்னக் குமிழிகள் மேலே வந்துகொண்டே இருந்தன. சின்னவன் பக்கத்தில் நின்று பார்த்தான். "நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் மறுத்துப் பேசவில்லை. இருந்திருக்கலாம். அந்த வரிசை அடுப்புச் சூட்டில்தான் வெதுவெதுத்ததோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள இனி வழி கிடையாது. தெரியாமலே இருப்பதென்று முடிவுசெய்துதான் அவள் குறடை எடுத்தாள்.

கரண்ட் வர மேலும் சில நாள் ஆயிற்று. அதுவரை வீட்டில் ஆள் வருவதும் போவதுமாகவே இருந்தது. காலையில் பேக்கரிக்கு ஒரு வண்டி பேட்டரி போகும், நிரம்பித் திரும்பும். கொண்டுவந்தவர்கள் சும்மா வைத்துவிட்டுப் போகாமல் நடுவறைக்குள் எட்டிப் பார்த்து, எப்படியிருக்கீங்கண்ணே என்றார்கள். கிரேன் தூங்குகிற மாதிரிச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். தூங்கறார் என்பாள் அவள். இத்தனை காலம் சொன்ன பொய்க்கு இது ஒன்றும் பெரிசில்லை. அவன் தோள் மட்டும் யார் வந்தாலும் ஒரு முறை இறுகித் தளரும்.

ஒரு மத்தியானம் வாசலில் யாரோ இருமினார்கள். உள்ளே வந்தவர் பாலீஷ்காரர். கிரேனோடு அதே பட்டறையில், அறுத்த கல்லுக்கு மெருகு போட்டவர். இப்போதும் போட்டுக்கொண்டிருப்பவர். மகளின் ஸ்கூட்டர் பேட்டரியைத் தோளில் சுமந்து வந்திருந்தார். இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அந்தக் கனத்துக்கு அத்தனை மூச்சு வாங்கவேண்டியதில்லை. பேட்டரியக்காவுக்கு அது காதில் உறைத்தது. அவள் வயரைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

பாலீஷ்காரர் அவளைப் பார்க்கவில்லை. நேராக நடுவறை வாசலுக்குப் போய் நின்றார். மெஷினைப் பார்த்தார். அதிலிருந்து கிளம்பித் தரையில் வளைந்து கட்டிலேறும் குழாயைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய், சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த தலை வரைக்கும் பார்த்தார். எப்படியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருமினார், வாயைத் துண்டால் துடைத்தார்.

"இந்தச் சத்தத்துல தூங்க முடியுதாப்பா?" என்றார்.

அறையில் மெஷின் மட்டும் உறுமியது. அவள் கையிலிருந்த வயரைக் கீழே வைக்காமல் நின்றாள்.

கட்டிலில் போர்வை அசைந்தது. கிரேன் ஒரு கையை ஊன்றி, மெதுவாக, பாதியில் ஒருதரம் நின்று, இந்தப் பக்கம் திரும்பினான். பாலீஷ்காரரின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். கல்லைத் தூக்குமுன் எடை பார்ப்பவன் மாதிரி அதைக் கவனமாகப் பார்த்தான்.

"முதல்ல கஷ்டம்" என்றான். "அப்புறம் பழகிடும். நின்னாத்தான்... முழிப்பு வருது."

காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டான். பாலீஷ்காரர் வந்து உட்கார்ந்தார். கிரேன் காதோரம் கையைக் கொண்டுபோய்க் குழாயைக் கொஞ்சம் விலக்கி, தோல் வழன்று சிவந்திருந்த இடத்தைக் காட்டினான்.

"இங்கதான் உரசும்" என்றான். "ஆரம்பத்துலயே... பஞ்சு வச்சுக்க."